பாச்சை துணிப்பெட்டிக்குக் குடிவந்தது

அந்தக் காலத்தில், பூச்சி புழுவெல்லாம் மனிதரோடு பேசிப் பழகிய நாளில், ஆற்றங்கரை மேட்டில் ஓர் ஊர் இருந்தது. மேட்டுத்துறை என்று பெயர். அந்த ஊரில் யாருக்கும் இரண்டு துணிக்கு மேல் கிடையாது. ஒன்று உடம்பில் இருக்கும், ஒன்று வெளுக்கப் போயிருக்கும். உடம்பில் இருப்பது நைந்துபோனால் கிழித்துத் தலைத்துண்டு ஆக்குவார்கள். தலைத்துண்டு நைந்தால் அடுப்படிக்குப் போய்க் கரித்துணி ஆகும். அதுவும் இற்றுப்போனால் திரித்து விளக்கில் போடுவார்கள். திரி எரிந்து முடிந்தால்தான் ஒரு துணியின் ஆயுசு முடிந்ததாகக் கணக்கு.

பாச்சை அப்போது துணியின் பக்கமே வந்ததில்லை. துணியைத் தின்னலாம் என்பதே அதற்குத் தெரியாது. ஆற்றோரத்துப் புங்கமரத்தில் பட்டைக்கு அடியில் குடும்பம் குடும்பமாக இருந்தது. மரத்திலிருந்து தானாக உதிரும் பட்டைச் செதிலைத் தின்னும், கொட்டிய பூவின் தூளைத் தின்னும். மரத்தடியில் வந்து உட்கார்ந்தவர்களோடு நாட்டு நடப்பு பேசும். மரியாதை தெரிந்த பூச்சி என்று ஊரில் நல்ல பெயர் எடுத்திருந்தது.

அந்த ஊரில் நீலாயி என்று ஒரு சாயக்காரி. அவுரித் தாழியில் முங்கி முங்கி அவள் கைகள் முழங்கை வரைக்கும் நீலமாகவே நின்றுவிட்டன. சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவள் அவுரியில் தோய்த்து நீலமாக்குவாள், சாயவேரில் ஊறவைத்துச் சிவப்பாக்குவாள், கடுக்காய்ச் சாற்றில் இரும்புத்தூளைப் போட்டுக் கறுப்பாக்குவாள். செய்த வேலைக்குக் கூலி என்று நெல்லோ கேழ்வரகோ கொண்டுவந்தால் முகம் கொடுக்கமாட்டாள்.

"துணியாக் கொடு" என்பாள்.

அப்படி வாங்கிய துணியெல்லாம் வேங்கைப் பலகையில் செய்த ஒரு பெட்டிக்குள் போகும். ஆள் படுக்கலாம், அவ்வளவு நீளம். உள்ளே போன துணி வெளியே வந்ததில்லை. மடித்து வைப்பாள், அதன்மேல் இன்னொன்றை மடித்து வைப்பாள், மூடியைச் சாத்துவாள். அவள் உடுத்தியிருந்ததோ நிறம் போன ஒரு பழஞ்சேலை, முழுக்கச் சாயத் திட்டு. புருஷன் செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தவர்கள் யாரும் இல்லை. நாலு வீடு தள்ளி வாழ்க்கைப்பட்டிருந்த தங்கை அங்காயிகூடப் பார்த்ததில்லை.

நீலாயியைக் கருமி என்று சொல்லிவிட முடியாது. பசி என்று வந்தவர்களுக்குக் கூழ் ஊற்றுவாள். காய்ச்சல் கண்ட வீட்டுக்குக் கேளாமலே போய்க் கஷாயம் வைத்துக் கொடுப்பாள். துணி மட்டும்தான் வேறு விஷயம். அதற்குக் காரணம் இருந்தது.

அவளும் அங்காயியும் சின்னப் பெண்களாக இருந்தபோது இருவருக்கும் சேர்த்து ஒரே துணி. ஒருத்தி அதைச் சுற்றிக்கொண்டு வெளியே போனால் மற்றவள் கோரைப்பாயைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் இருக்கவேண்டும். இன்றைக்கு இவள், நாளைக்கு அவள் என்று முறை வைத்திருந்தார்கள். அவர்களுடைய அப்பன் செத்தது அங்காயியின் முறை நாளில். அங்காயி பாடைக்குப் பின்னால் ஊர் எல்லை வரைக்கும் அழுதுகொண்டே போனாள். நீலாயி பாய்க்குள் நின்றபடி தட்டிக் கதவின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். தூக்கிப்போனவர்களின் கால்கள்தான் தெரிந்தன. அப்பனின் முகம் தெரியவில்லை. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அதற்கப்புறம் எத்தனை துணி சேர்ந்தாலும் அவளுக்குப் போதவில்லை.

ஓர் ஐப்பசி மாதம். மேற்கே மலையில் விடாமல் மழை. ஊரிலோ ஒரு சொட்டு இல்லை, சுள்ளென்று வெயில். நல்ல வெயிலாயிற்றே என்று வண்ணார்கள் ஊர்த் துணி மொத்தத்தையும் துவைத்து ஆற்று மணலில் விரித்திருந்தார்கள். உச்சிவேளைக்கு மலைத் தண்ணீர் வந்தது. ஆள் உயரத்துக்குச் செம்மண் நிறமாக வந்தது. வண்ணார்கள் கழுதைகளை அவிழ்த்து விரட்டிக்கொண்டு கரையேறினார்கள். துணி போய்விட்டது. வெளுக்கப் போட்ட ஒன்று ஆற்றோடு போக, ஊரில் எல்லாருக்கும் உடம்பில் இருந்த ஒன்றுதான் மிச்சம். சாயங்காலத்துக்குள் மழையும் ஊருக்கு வந்து சேர்ந்தது.

மறுநாள் காலையில் புங்கமரம் வேரோடு சாய்ந்தது. அது மிதந்து போனதை நீலாயி வாசலில் நின்று பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவு நிலையின் அடியில் இருந்து மெல்லிய குரல் ஒன்று கேட்டது.

"தாயி."

குனிந்து பார்த்தாள். தாய்ப்பாச்சை ஒன்று, அதன் பின்னால் எள்ளு எள்ளாகக் குஞ்சுகள்.

"மரம் போச்சு தாயி. ரெண்டு நாளைக்கு ஒதுங்க இடம் வேணும். சுவரெல்லாம் ஓதமா இருக்கு. குஞ்சுக தாங்காது."

"எங்கே ஒதுங்குவே? வீடே ஒழுகுது."

"அந்தப் பெட்டி இடுக்கு காய்ஞ்சு இருக்கு. ஓரமா இருந்துக்குவோம்."

நீலாயி யோசித்தாள். பெட்டி என்றதுமே அவள் அதைத் திரும்பிப் பார்த்தாள். ஆனால் கேட்டது ஒரு பூச்சி. அது துணியைக் கேட்கவில்லை, இடம்தான் கேட்டது.

"துணியிலே காலு படக்கூடாது."

"எங்க காலு என்ன தாயி, தூசியை விட லேசு. அடுத்தவங்க பொருளை நாங்க தொடறதில்லை. மரத்திலேகூட ஒட்டியிருக்கிற பட்டை மரத்தோடதுன்னு விட்டுடுவோம். உதிர்ந்ததைத்தான் எடுப்போம்."

அது உண்மைதான் என்று நீலாயிக்கும் தெரியும். "சரி, போ" என்றாள். பாச்சைகள் வரிசையாகப் போய்ப் பெட்டியின் மூட்டு இடுக்கில் நுழைந்தன.

அன்று மதியம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் படகுக்காரன் சடையன். தலையில் கவிழ்த்திருந்த பனையோலையிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. இடுப்பில் கோவணம் தவிர ஒன்றும் இல்லை. அவன் பின்னால் அங்காயி நின்றாள். இன்னும் ரெண்டு மூன்று பேர் தெருவில் நின்றார்கள்.

"தாயி, எம் பொஞ்சாதி படகிலேயே பெத்துட்டா" என்றான் சடையன். "அக்கரையிலே தண்ணி ஏறுதுன்னு சனங்களை ஏத்திக்கிட்டு வந்தேன். அவளும் ஏறினா. நடு ஆத்திலே வலி கண்டுடுச்சு. உப்புக் கொட்டகையிலே கொண்டுபோய்ப் போட்டிருக்கோம். பொண்ணு. உசுரோட இருக்கு. ஆனா வெடவெடன்னு நடுங்குது. சுத்திப் போடக் காய்ஞ்ச துணி ஒண்ணு இல்லை. ஊரிலே எல்லாருக்கும் மேலே இருக்கிறதுதான், அதுவும் நனைஞ்சது. உங்க வீட்டிலே இருக்கும்னு அங்காயி சொல்லுச்சு."

"பழசு கிழசு எதுவா இருந்தாலும் பரவாயில்லைக்கா" என்றாள் அங்காயி. "சின்ன உடம்புதானே. ஒரு முழம் போதும்."

கொடுக்கக்கூடாது என்று நீலாயி நினைக்கவில்லை. ஒன்றைக் கொடுத்தால் என்ன ஆகும் என்றுதான் நினைத்தாள். தெருவில் நிற்பவர்கள் நடுங்குகிறார்கள். ஒருத்தருக்கு எடுத்தால் அடுத்தவர் கேட்பார். உப்புக் கொட்டகையில் அக்கரைச் சனம் மொத்தமும் இருக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்து எடுத்து, கடைசியில் பெட்டியின் அடிப்பலகை தெரியும். அந்தப் பலகை அவள் கண்ணுக்குத் தெரிந்தது. பாயைச் சுற்றிக்கொண்டு நின்ற கால் தெரிந்தது.

"எங்கிட்டே ஏது துணி?" என்றாள்.

சடையன் அவள் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தான். "பெட்டி இருக்கே தாயி."

"அது சாயத்துக்கு வந்தது. ஊரான் துணி. நாளைக்கு வந்து கேட்டா நான் எதைக் கொடுக்கிறது? கூலியா வாங்கினதெல்லாம் சாயச் சரக்குக்குப் போயிடுச்சு. என்னுதுன்னு அதிலே ஒண்ணுகூடக் கிடையாது."

சடையன் உடனே பின்வாங்கினான். அடுத்தவர் துணியை எடுத்துக் கொடு என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. அங்காயி அக்காளின் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா இல்லைன்னா இல்லைதான்" என்றாள் மற்றவர்களிடம். "இருந்தா கொடுத்திருக்கும். வாங்க, வேற வழி பார்ப்போம்."

அவர்கள் மழையில் இறங்கிப் போனார்கள். நீலாயி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அடுப்பின் முன்னால் உட்கார்ந்தாள். அடுப்பு நனைந்து கிடந்தது, பற்றவில்லை. ஊதிக்கொண்டிருந்தபோது தாய்ப்பாச்சை பெட்டியிலிருந்து இறங்கி அவள் முழங்கால் அருகே வந்து நின்றது.

"தாயி, ஒரு சந்தேகம்."

"என்ன?"

"உள்ளே இருக்கிற துணி உங்களோடது இல்லைன்னு சொன்னது காதிலே விழுந்துச்சு. அப்போ யாரோடது?"

"யாரோடதா இருந்தா உனக்கென்ன?"

"சும்மா தெரிஞ்சுக்கத்தான். சொந்தக்காரங்க வந்து கேப்பாங்களா?"

"யாரும் கேக்க மாட்டாங்க."

"நீங்க உடுத்துவீங்களா?"

"நான் எதுக்கு அதை உடுத்தறேன்?"

"யாருக்காவது கொடுப்பீங்களா?"

நீலாயிக்கு எரிச்சல் வந்தது. சடையன் பின்வாங்கிய விதம் கண்ணைவிட்டுப் போகாமல் அவளைக் குடைந்துகொண்டிருந்தது. அதோடு இந்தப் பூச்சி வேறு.

"கொடுக்க மாட்டேன்."

"அப்படின்னா அது யாரோடது தாயி?"

"யாரோடதும் இல்லை! போதுமா? போய்ப் படு."

பாச்சை "சரி தாயி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனது. பெட்டிக்குள் குஞ்சுகள் முதல் நாள் வெள்ளம் வந்ததிலிருந்து பட்டினி. தாய்ப்பாச்சை அவற்றைக் கூப்பிட்டு வைத்து, உதிர்ந்த பட்டையைப் பற்றிச் சொன்னதைத்தான் அங்கேயும் சொன்னது. மரம் வேண்டாம் என்று விட்டது நமக்கு. இதையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். குஞ்சுகள் முதலில் தயங்கின. அப்புறம் ருசி கண்டுகொண்டன.

மழை மூன்று நாள் பெய்து நான்காம் நாள் விட்டது. தண்ணீர் இறங்கியது. சனங்கள் வெளியே வந்து சேற்றைத் தள்ளினார்கள். சடையனின் குழந்தை பிழைத்துக்கொண்டது என்று நீலாயி காதில் விழுந்தது. எப்படி என்று அவள் கேட்கவில்லை. அங்காயியை மட்டும் எங்கும் காணோம். அவள் புருஷன் மற்ற ஆம்பளைகளோடு உடைந்த மடையை அடைக்கப் போயிருந்தான். வீட்டில் தனியாகத்தான் இருப்பாள், காய்ச்சலோ என்னவோ என்று நீலாயி ஒரு கலயத்தில் கூழை ஊற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

கதவு சாத்தியிருந்தது. தள்ளினாள்.

"உள்ளே வராதேக்கா" என்று குரல் வந்தது. "அங்கேயே நில்லு."

"ஏன்டி, உடம்புக்கு முடியலையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லை. கலயத்தை வாசல்லே வெச்சுட்டுக் கொஞ்சம் திரும்பிக்கோ. எடுத்துக்கறேன்."

"என்னத்துக்குத் திரும்பறது?"

உள்ளே அங்காயி சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம்.

"சேலையைப் பாதியாக் கிழிச்சுச் சடையன் பிள்ளைக்குக் கொடுத்துட்டேன். தணல்லே காட்டி ஈரத்தை வாங்கிட்டுத்தான் சுத்தினாங்க. மீதி பாதி இடுப்புக்கு வந்தா மாருக்கு வரலை. இன்னொரு சேலை ஆத்தோட போச்சு. அவரு வந்து எங்கேயாவது ஒண்ணு தேடிக் கொண்டாந்தாத்தான் நான் வெளியே வரணும். பாயைச் சுத்திக்கிட்டு உக்காந்திருக்கேன்."

நீலாயி கலயத்தைப் பிடித்தபடியே நின்றாள்.

"பிள்ளைக்கு நல்லா சேந்துடுச்சு தெரியுமா?" அங்காயி பேசிக்கொண்டே போனாள். புருஷன் கிளம்பிப் போனதிலிருந்து அவள் யாரோடும் பேசவில்லை. "நைஞ்சு நைஞ்சு பஞ்சு மாதிரி ஆன சேலை. கஞ்சி மொடமொடப்பு இல்லை. உன் வீட்டிலேருந்து போனப்புறம் அக்கரையிலேருந்து வந்து சேந்த ஒரு அம்மா புதுத்துண்டு ஒண்ணைக் காப்பாத்திக் கொண்டாந்திருந்தாங்க, அதைச் சுத்தினப்போ பிள்ளை தோலெல்லாம் சிவந்து வீறிட்டுது. என்னுதைச் சுத்தினதும் தூங்கிடுச்சு. பழசுக்கு அப்படி ஒரு குணம் இருக்கும்போல."

"ம்."

"அன்னைக்கு நீ உள்ளே இருந்தே. இன்னைக்கு என் முறை." மறுபடி அதே சிரிப்பு. "அக்கா, ஊரான் துணியெல்லாம் பத்திரமா இருக்கா? வீடு ஒழுகுமே, பெட்டியிலே தண்ணி இறங்கலையே? நாளைக்கு யாராவது வந்து கேட்டா உனக்குத்தான் சங்கடம்."

அவள் குத்திக் காட்டவில்லை. மெய்யாகவே கேட்டாள். அது நீலாயிக்குத் தெரிந்தது.

கலயத்தை வாசலில் வைத்தாள். "இரு, வந்துடறேன்" என்றாள். வீட்டுக்கு ஓடினாள் என்றே சொல்ல வேண்டும். அந்த வயதில் அவள் ஓடி ஊர் பார்த்ததில்லை. பெட்டியின் மூடியை இரு கையாலும் தூக்கினாள். மேலாக இருந்தது சாயவேர்ச் சிவப்பில் ஒரு சேலை. அங்காயிக்குச் சிவப்பு பிடிக்கும். அதை எடுத்து உதறினாள்.

சேலைக்குள் வெளிச்சம் புகுந்து வந்தது. இங்கே ஓர் ஓட்டை, அங்கே ஓர் ஓட்டை, எண்ண முடியாத ஓட்டை. கீழே போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள். நீலம். அதிலும். அதற்கடுத்தது. அதிலும். அடிப்பலகை தெரியும் வரைக்கும் எடுத்துப் பார்த்தாள். முழுசாக ஒன்றுகூட இல்லை.

பெட்டியின் மூலையில் பாச்சைகள் பளபளவென்று கொழுத்து இருந்தன.

நீலாயி சாயத் தாழி கிண்டும் கோலை எடுத்து ஓங்கினாள். "இடம் கொடுத்த வீட்டிலேயே இப்படிப் பண்ணலாமா? யாரையும் தொடவிடாத பெட்டிக்குள்ளேயே விட்டேனே! அடுத்தவங்க பொருளைத் தொடமாட்டேன்னு சொன்னியே!"

தாய்ப்பாச்சை ஓடவில்லை. "இப்பவும் அதைத்தான் சொல்றேன். யாரோடதுன்னு கேட்டேன் தாயி. யாரோடதும் இல்லைன்னு சொன்னீங்க. ஒருதரம் இல்லை, ஒவ்வொண்ணாக் கேட்டேன். உடுத்த மாட்டேன், கொடுக்க மாட்டேன், யாரும் கேட்க மாட்டாங்கன்னு சொன்னீங்க."

"கோபத்திலே சொன்னது."

"சடையன்கிட்டே சொன்னது கோபத்திலே இல்லையே. நல்லா நிதானமாச் சொன்னீங்க. ஊர்க்காரங்க நாலு பேரு கேட்டுக்கிட்டு நின்னாங்க." பாச்சை மீசையைத் தாழ்த்திக்கொண்டது. "அடிங்க. ஆனா ஒண்ணு. தெருவிலே போய், இதெல்லாம் என்னுதுன்னு அவங்ககிட்டே சொல்லிட்டு வந்து அடிங்க. அப்போ நான் திருடின்னு ஒத்துக்கறேன்."

கோல் ஓங்கிய இடத்திலேயே நின்றது. பிறகு நீலாயி அதைச் சுவரில் சாத்தினாள்.

அவள் துணிகளை இரு கையாலும் அள்ளினாள். ஒரு சுமைக்கு மேல் இருந்தது. நாலைந்து தடவை வெளியே போய் வந்து, தெருவின் நடுவில் காய்ந்த இடமாகப் பார்த்துக் குவித்தாள். சேறு தள்ளிக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தார்கள். சிவப்பும் நீலமும் கறுப்புமாகக் குவியல் இடுப்பு உயரம் வந்தது. அந்த ஊர் ஓர் இடத்தில் அவ்வளவு துணியைப் பார்த்ததில்லை. சடையனும் வந்தான்.

"இது ஊரான் துணி இல்லை" என்றாள் நீலாயி. "என்னுது. எல்லாமே என்னுது. அன்னைக்கு நீ வந்து கேட்டப்போ பொய் சொன்னேன்."

ஒரு பெண் குவியலின் மேலிருந்த ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, திரும்பவும் வைத்தாள். சடையன் தரையைப் பார்த்தான். அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நீலாயிக்குத் தோன்றியது. அவன் திட்டவில்லை. "பிள்ளை பிழைச்சுடுச்சு தாயி" என்றான். அவளைச் சமாதானப்படுத்தச் சொன்னானா, வேறு எதற்கோ சொன்னானா என்று தெரியாத மாதிரிச் சொல்லிவிட்டு, மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

நீலாயி அந்த இடத்திலேயே உட்கார்ந்தாள். கத்தியை எடுத்தாள். பாச்சை தின்றது போக ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவே நல்ல துணி இருந்தது. சில இடத்தில் ஒரு சாண், சில இடத்தில் ஒரு முழம். ஓட்டையை ஒதுக்கிவிட்டு நல்லதை மட்டும் வெட்டி எடுத்தாள். சிவப்புத் துண்டைக் கறுப்போடு சேர்த்தாள், கறுப்பை நீலத்தோடு சேர்த்தாள், ஊசியால் ஒட்டுப் போட்டுக்கொண்டே போனாள். அவள் தையல்காரி இல்லை. தையல் கோணிக்கொண்டு போனது. பொழுது சாய்வதற்குள் ஒரு சேலை நீளம் தேறியது.

அதைக் கொண்டுபோய் அங்காயி வீட்டுக் கதவின் கீழாக உள்ளே தள்ளினாள். உள்ளே துணி சரசரப்பது கேட்டது. அப்புறம் கதவு திறந்தது. அங்காயி பல நிறத்தில் நின்றாள். நடந்ததெல்லாம் அதற்குள் அவள் காதுக்கு வந்துவிட்டிருந்தது. வெளியே வந்து, தெருக்கோடியில் கிடந்த குவியலைப் பார்த்தாள்.

"இத்தனை வெச்சிருந்தியாக்கா?" என்றாள்.

நீலாயி தலையை ஆட்டினாள்.

அந்த ஒட்டுச்சேலையை அங்காயி அது நையும் வரை உடுத்தினாள். ஆனால் அந்த வருஷம் பொங்கலுக்கு அக்காள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அடுத்த வருஷம்தான் வந்தாள். வந்ததும் எதுவும் நடக்காததுபோல அம்மி முன்னால் உட்கார்ந்து மிளகாய் அரைத்தாள்.

குவியல் கரைய ஒரு மாதம் ஆனது. தெருப் பெண்கள் முதல் இரண்டு நாள் பக்கத்தில் வரவில்லை. மூன்றாம் நாள் ஒருத்தி ஊசியோடு வந்து உட்கார்ந்தாள், பிறகு மற்றவர்களும் வந்தார்கள். பெரிய துண்டுகளை ஒட்டி உடுத்தத் தைத்தார்கள். கைநீளத் துண்டுகளை மடித்து மூட்டிப் பை தைத்தார்கள். ஓலைப்பெட்டி எல்லாம் வெள்ளத்தில் போயிருந்ததால் தானியம் வாங்க, கீரை பறிக்க, அக்கரைக்குச் சாமான் கொண்டுபோக அந்தப் பைதான் உதவியது. ஓலைப்பெட்டி மாதிரி உடையவில்லை, நனைந்தால் காயவைத்து மறுபடி எடுத்துக்கொள்ளலாம். அதற்கும் சின்னதைச் சும்மாடு சுற்றினார்கள். ஒன்றுக்கும் உதவாத பிசிறைத் தலையணைக்குள் அடைத்தார்கள்.

சடையன் ஒருநாள் அங்காயியின் பாதிச் சேலையைத் துவைத்துக் காயவைத்து எடுத்துக்கொண்டு வந்தான். அவள் வாங்கவில்லை.

"கீழத்தெருவிலே ஒருத்திக்கு மாசம் ஆச்சு. அவ பிள்ளைக்குக் கொண்டுபோய்க் கொடு. அங்கே முடிஞ்சதும் அவங்க அடுத்த வீட்டுக்குக் கொடுக்கட்டும்" என்றாள்.

அப்படியே கொடுத்தான். அது வீடு வீடாகப் போனது. இற்றுப்போனபோது வேறொரு வீட்டின் பழஞ்சேலை அதன் இடத்துக்கு வந்தது.

பாச்சை விவகாரம் மட்டும் தீரவில்லை. வெள்ளம் வடிந்து, வேறு புங்கமரங்கள் இருந்தும் அவை திரும்பிப் போகவில்லை. நீலாயியே ஒருநாள் கேட்டாள்.

"மரத்துக்குப் போகலையா?"

"குஞ்சுக மாட்டேங்குது தாயி. பட்டையைக் கொடுத்தாத் துப்புது. நாங்க என்ன பண்ண? ருசி காட்டினது நீங்க."

"அப்போ இனிமே ஊரிலே ஒரு துணி மிஞ்சாதே. உடுத்தறதையும் தின்னுடுவீங்க."

"அதெப்படி? உடுத்தறது ஆளோடது. அதைத் தொட்டா எங்களுக்குத்தான் கெட்ட பேரு. நீங்க யாரும் வேண்டாம்னு விட்டதை மட்டும் எடுத்துக்கறோம்."

"வேண்டாம்னு விட்டதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? எல்லாரையும் போய்க் கேட்டுக்கிட்டு இருப்பியா?"

தாய்ப்பாச்சை யோசித்தது. "கேட்கவே வேணாம். மோந்து பார்த்தாத் தெரியும். உடம்பிலே கிடந்து, துவைச்சு, வெளியிலே காய்ஞ்ச துணிக்கு ஒரு வெயில் வாசனை இருக்கும். கைமாறிப் போற துணிக்கும் இருக்கும். அந்த வாசனை இருந்தா ஒதுங்கிடுவோம். அது போயிட்டா எங்களோடது."

நீலாயி பேரம் பேசிப் பார்த்தாள். ஒரு வருஷம் வரைக்கும் விட்டுவைக்கச் சொன்னாள். பாச்சை மூன்று மாதத்துக்கு மேல் ஒத்துக்கொள்ளவில்லை. வாசனை அதற்கு மேல் நிற்காது என்றது. கடைசியில் நீலாயி சரி என்றாள். ஊரும் அதைக் கேட்டுச் சரி என்றது. பாச்சை அதற்குப் பிறகு மனிதரோடு அதிகம் பேசவில்லை. பேச வேண்டியது எல்லாம் பேசித் தீர்ந்துவிட்டது என்று நினைத்திருக்கலாம்.

நீலாயி பெட்டியை உடைக்கவில்லை. சாயத்துக்கு வரும் துணியை அதில் வைத்தாள், வேலை முடிந்ததும் எடுத்தாள், கூலியாக வாங்கிய துணியை ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் நடுவே யாருக்காவது கொடுத்தாள். ஒவ்வொரு தடவை கொடுக்கும்போதும் அவள் கை கொஞ்சம் தயங்கியது என்றும், கடைசி வரைக்கும் அந்தத் தயக்கம் போகவே இல்லை என்றும் சொல்வார்கள்.

அன்று முதல்தான் பிள்ளை பிறந்தால் புதுத்துணியை விட்டுவிட்டுப் பழந்துணியைத் தேடுகிறோம். உடுத்தும் துணியைப் பாச்சை தொடுவதில்லை, பெட்டியில் போட்டு மறந்த துணியை விட்டுவைப்பதும் இல்லை.